சாப்பிட்டாச்சா, பாட்டி?

சிங்கப்பூரின் தோ பாயோ என்ற பெயருக்குப் ‘பெரிய சதுப்பு’ என்று பொருள். அந்தச் சதுப்பின்மேல் 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) எழுப்பிய நகரம் இன்று நரை கண்டுவிட்டது. மாலை 5 மணிக்கு ஏதாவதொரு புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பாருங்கள். கல்மேசையைச் சுற்றி நாலு பேர் சதுரங்கத்தில் மூழ்கியிருப்பார்கள். சற்றுத் தள்ளி, மடியில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி, போவோர் வருவோரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மேலே வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருக்கலாம். தனியாக வாழ்வது வேறு, தனிமையில் வாடுவது வேறு.

அந்த வாட்டம் ஆயுளையும் தின்கிறது. சிங்கப்பூர் மூத்தோரின் தரவுகளை வைத்து டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 2021இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். 60 வயதில் தனிமையை உணர்பவர், உணராதவரைவிடச் சராசரியாக 3 முதல் 5 ஆண்டுகள் குறைவாக வாழக்கூடும்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் கசியோப்போ தனிமையைப் பசியோடு ஒப்பிட்டார். பசி சோற்றைத் தேட வைப்பதுபோல் தனிமை மனிதரைத் தேட வைக்கும் உடம்பின் மணி. ஆனால், பசித்தவர் சோற்றைக் கண்டால் கை நீட்டுவார். நாள்பட்ட தனிமையில் ஊறிய மூளையோ, நெருங்கி வருபவரிடம் முதலில் ஆபத்தைத்தான் தேடும். ‘இவனுக்கு என்னிடம் என்ன வேலை?’ மோசடிக்காரர்களைப் பற்றிய எச்சரிக்கை மின்தூக்கி வாசலிலேயே ஒட்டியிருக்கும் ஊரில் பாட்டியைக் குறை சொல்லவும் முடியாது.

நம் பக்கமும் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. ஆய்வாளர்கள் அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குப் பங்கேற்றதற்காகவே ஒரு கப்கேக் கிடைத்தது. வேறு சிலருக்கு, இன்னொருவர் தன்னுடையதை விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது. கேக் என்னவோ ஒன்றுதான். ஆனால் ஒருவர் மனமுவந்து கொடுத்ததைப் பெற்றவர்களுக்கே மகிழ்ச்சி கூடுதல். கொடுத்தவர்களோ இந்த வித்தியாசத்தை ஊகிக்கவே இல்லை. அவர்கள் கேக்கை மட்டும்தான் எண்ணினார்கள். பெற்றவர்கள் எண்ணியது மனசை.

கோப்பிக்கடையில் ‘ஒரு தே-ஓ வாங்கிக் கொடுத்து என்ன ஆகிவிடப்போகிறது’ என்று நாம் தயங்குவதும் இதே பிழைதான்.

வீடு தேடிப் போய்ப் பேசும் தொண்டூழியர்கள் இங்கே உண்டு. லயன்ஸ் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 1995 முதல் இந்த வேலையைச் செய்கிறது. நல்ல வேலை. ஆனாலும் தொண்டூழியர் குறித்த நாளில்தான் வருவார்; மின்தூக்கியில் பாட்டியைத் தினமும் பார்ப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்.

நாளைக்கு மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். “சாப்பிட்டாச்சா, பாட்டி?” என்று கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால், மறுநாளும் கேளுங்கள்.