கழிவாய்ப் போவதும் கைமுதல்தான்!

சிவகிரி மலையில் பிறந்து 244 கிலோமீட்டர் ஓடி, கொச்சிக்கு வடக்கே கடலில் கலக்கிறது பெரியாறு. அதன் தலைப்பகுதி நீர் 1895ஆம் ஆண்டிலிருந்து முல்லைப் பெரியாறு அணை வழியாக மதுரைச் சீமை வயல்களுக்குப் பாய்கிறது. கீழே வந்தால் அதே ஆறுதான் கொச்சி மக்களுக்குக் குடிநீர், மீனவருக்குப் பிழைப்பு, ஆலைகளுக்கு உயிர்நாடி.

ஆலுவாவைத் தாண்டியதும் ஆற்றின் கிளைகளுக்கு நடுவே கிடக்கிறது ஏலூர் தீவு. உரமும் இன்னும் பலவித ரசாயனப் பொருள்களும் தயாராகும், முன்பு பூச்சி மருந்தும் தயாரான ஊர் இது. எதிர்க்கரையில் எடயார். அங்கும் ஆலைகள்தான்.

2024ஆம் ஆண்டு மே 20, 21 தேதிகளில் இங்கு நடந்ததை ஆற்றோர மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பலத்த மழை பெய்ததால் பாதாளம் தடுப்பணையின் கதவுகள் திறக்கப்பட்டன. தேங்கிக் கிடந்த நீர் கீழே பாய்ந்தது. வராப்புழை, கடமக்குடி பக்கங்களில் கூண்டு கட்டி வளர்த்த கரிமீனும் கொடுவாயும் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கடன் வாங்கிக் கூண்டு போட்டவர்கள் கரையில் தலையில் கை வைத்து நின்றார்கள்.

காரணம் என்ன என்பதில் அதிகாரிகளுக்குள்ளேயே கருத்து வேற்றுமை எழுந்தது. நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அமோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்தன என்றது மீன்வளப் பல்கலைக்கழகக் குழு. யார் பொறுப்பு என்பதை விசாரணைகள் தீர்க்கட்டும். ஆனால் அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. ஆலைக் கழிவை ஆற்றங்கரைக்கு வந்த பிறகு தடுப்பதா, அல்லது அது பிறக்கும் இடத்திலேயே தடுப்பதா?

விறகில் தொடங்கிய கதை

ஏலூரின் தொழில் வரலாற்றில் தமிழருக்கும் பங்குண்டு. சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் திவானாக இருந்த காலத்தில், திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று 1943ல் தொடங்கியதுதான் எப்.ஏ.சி.டி. நிறுவனம். நாட்டின் முதல் பெரிய உர ஆலையான இதில் 1947ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. அன்று அமோனியா தயாரிக்க இவர்கள் பயன்படுத்திய மூலப்பொருள் என்ன தெரியுமா? விறகு! விறகை அரைகுறையாக எரித்து வாயுவாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்தார்கள்.

காலப்போக்கில் விறகு போய் நாப்தா வந்தது. 2013ல் கொச்சி புதுவைப்பில் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறந்த பிறகு எரிவாயு வந்தது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. மூலப்பொருள் சுத்தமாக ஆக ஆக, சாம்பலும் கரியும் கந்தகமும் குறைகின்றன. கழிவைக் குறைக்கும் முதல் வழி, கழிவு அதிகம் இல்லாத சரக்கை வாங்குவதுதான்.

புகையில் போகும் பணம்

இரண்டாவது வழி, வாங்கிய சரக்கை முழுமையாகப் பயன்படுத்துவது. கந்தக அமிலத்தை எடுத்துக்கொள்வோம். கந்தகத்தை எரித்து வரும் வாயுவை மேலும் பிராணவாயுவுடன் சேர்த்து அமிலமாக்குகிறார்கள். பழைய முறையில் வாயு ஒரே முறை உறிஞ்சப்படும். நூற்றுக்கு 98 பங்கு அமிலமாகும். மீதி 2 பங்கு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகும். இரண்டு பங்குதானே என்று எண்ணலாம். ஆனால் நாளொன்றுக்கு 1,000 டன் அமிலம் தயாரிக்கும் ஆலையில் இது சுமார் 13 டன் கந்தக டை ஆக்சைடு! சுற்றிலும் உள்ளவர்களுக்கு இருமலும் மூச்சுத் திணறலும் தருவது இதுதான்.

வாயுவை நடுவில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையுமாக இரண்டு தடவை உறிஞ்சும் முறை பின்னர் வந்தது. அதில் 99.7 சதவீதம் வரை அமிலமாகிவிடுகிறது. வெளியே போவது 13 டன்னுக்குப் பதில் 2 டன். அத்துடன், வாங்கிய அதே கந்தகத்திலிருந்து நாளுக்குச் சுமார் 17 டன் அமிலம் கூடுதலாகக் கிடைக்கிறது. காற்றும் சுத்தம், கணக்கும் லாபம்.

தண்ணீர்க் கணக்கு

யூரியா ஆலையில் கதை வேறு. அமோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்து ஒரு டன் யூரியா உண்டாகும்போது, கூடவே 300 கிலோ தண்ணீரும் உண்டாகிறது. இந்த நீரில் அமோனியாவும் யூரியாவும் கரைந்திருக்கும். அப்படியே ஆற்றில் விட்டால் பாசி பெருகும், மீனுக்கும் நஞ்சாகும். இதை அழுத்தத்தில் சூடாக்கி யூரியாவை மறுபடியும் அமோனியாவாகச் சிதைத்து, நீராவியால் பிரித்தெடுக்கும் சாதனங்கள் உண்டு. அமோனியா திரும்பவும் உற்பத்திக்குப் போகிறது. மிஞ்சும் நீர் கொதிகலனுக்கே உதவும் அளவுக்குச் சுத்தமாகிறது.

குளிர்விக்கும் நீர் இன்னொரு விஷயம். குழாய்கள் துருப்பிடிக்காமலிருக்க முன்பு குரோமேட் உப்பைக் கலந்து வந்தார்கள். அது கொடிய நஞ்சு. பாஸ்பேட் போன்ற மாற்றுப் பொருள்கள் வந்த பின், குரோமேட்டையே விலக்க முடிந்தது. நஞ்சைச் சுத்திகரிப்பதைவிட, நஞ்சைச் சேர்க்காமலிருப்பது மலிவு.

ஆற்று நீரே வேண்டாம் என்ற வழியும் உண்டு. சென்னை மணலியில் உள்ள உர ஆலையும் பம்பாய் டிராம்பேயில் உள்ள உர ஆலையும் நகரச் சாக்கடை நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தி வழிகாட்டியுள்ளன. அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊராருக்கு மிச்சம்.

ஜிப்சம் மலைகள்

பாஸ்பேட் உரம் தயாரிக்கும் ஆலைகளுக்குப் பக்கத்தில் வெள்ளை மலைகள் எழும்பியிருக்கும். பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்துப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும்போது, ஒரு டன்னுக்குச் சுமார் 5 டன் ஜிப்சம் மிஞ்சுகிறது. மழையில் இது கரைந்தால் அமிலமும் புளோரைடும் நிலத்தடி நீரில் இறங்கும். பாறையிலிருந்து வந்த சிறிதளவு கதிரியக்கப் பொருளும் அதில் இருக்கும்.

ஆனால் இந்த மலையும் சரக்குதான். சிமெண்டு சீக்கிரம் இறுகிவிடாமலிருக்க ஜிப்சம் சேர்க்கிறார்கள். களர் நிலத்தைத் திருத்தவும் இது உதவும். அமோனியம் கார்பனேட்டுடன் சேர்த்தால் அமோனியம் சல்பேட் உரமாகவே மாறும். கண்ணாடி இழை சேர்த்துச் சுவர்ப் பலகைகளாகவும் வார்க்கலாம். இதற்கென்றே எப்.ஏ.சி.டி.யும் டிராம்பேயின் ஆர்.சி.எப். நிறுவனமும் 2008ல் கொச்சி அம்பலமேட்டில் கூட்டு நிறுவனம் தொடங்கின. அத்தகைய பலகைகளைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013ல் மாதிரிக் குடியிருப்பு ஒன்றும் எழும்பியது. எந்தச் சரக்கானாலும், அசுத்தங்களை நீக்கிச் சோதித்த பிறகே வீட்டுக்கும் வயலுக்கும் போகவேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

குழிக்கண்டம் சொல்லும் பாடம்

உரக் கழிவைவிடப் பொல்லாதது பூச்சி மருந்துக் கழிவு. ஏலூரில் 1958லிருந்து டி.டி.டி. தயாரிக்கப்பட்டது, பின்னர் எண்டோசல்பானும் தயாராயிற்று. ஆலைகளை ஒட்டி ஓடி ஆற்றில் கலக்கும் சிற்றோடை குழிக்கண்டம் தோடு. அதன் நீரையும் சேற்றையும் 1999ல் கிரீன்பீஸ் அமைப்பு சோதித்தபோது, 100க்கும் மேற்பட்ட கரிம ரசாயனங்கள் தென்பட்டன, டி.டி.டி.யும் அவற்றில் ஒன்று. இந்த வகை மருந்துகள் சுலபத்தில் சிதைவதில்லை. சேற்றில் தங்கி, புழுவுக்கும் மீனுக்கும் போய், கடைசியில் மனிதனின் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்து சேரும். 2004ல் எண்டோசல்பான் ஆலையில் தீப்பிடித்தபோது ஊரே கலங்கியது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்பானை நிறுத்தியது. உற்பத்தி நின்றாலும் சேற்றில் படிந்தது தானாகப் போய்விடுமா?

பூச்சி மருந்து ஆலைகளில் கழிவின் பெரும்பகுதி கழுவும்போது பிறக்கிறது. ஒரு மருந்து முடிந்து இன்னொன்றைத் தொடங்குமுன் தொட்டியைக் கழுவுவார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் தனித் தொட்டி வைத்தால் கழுவும் வேலையே குறையும். முதலில் உலர்வாகத் துடைத்து எடுத்தபின் கழுவினால் தண்ணீரும் குறையும். அந்தக் கழுவு நீரை எடுத்துவைத்து, அடுத்த முறை அதே மருந்தைக் கரைக்கப் பயன்படுத்தலாம். சிந்தும் தூளைப் பைகளில் பிடித்துத் திரும்பவும் கலக்கலாம். எதுவும் ஆகாத மிச்சத்தைத்தான் 1,100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எரிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலான பாடத்தைப் போபால் கற்றுத் தந்தது. 1984 டிசம்பர் 2ந் தேதி நள்ளிரவில் பூச்சி மருந்து ஆலையிலிருந்து கசிந்தது, விற்பனைச் சரக்கல்ல. இடைநிலையில் சேமித்து வைத்திருந்த மிதைல் ஐசோசயனேட். சுமார் 40 டன் வெளியேறி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. இத்தகைய நச்சைத் தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் தயாரித்து, உடனே உபயோகித்துவிட்டால் கசிவதற்கு மிச்சமே இராது.

கண்ணும் காதும்

1974ல் நீர்ச் சட்டம், 1981ல் காற்றுச் சட்டம், போபாலுக்குப் பின் 1986ல் சுற்றுச்சூழல் சட்டம் என்று சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் வருவது ஒரு நாள். பம்பு ஓடுவது ஆண்டு முழுதும். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகும் பம்பு, நாளொன்றுக்கு 1,440 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. அதை முதலில் பார்ப்பவர் இரவு ஷிப்டுத் தொழிலாளிதான். அவர் சொன்னால் மேலதிகாரி கேட்கவேண்டும். ஒழுகலைச் சொன்னவருக்கு ஏச்சு அல்ல, பாராட்டுக் கிடைக்கவேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் உள்ளே போன எடை என்ன, சரக்காய் வந்த எடை என்ன என்று தினமும் எழுதிப் பார்த்தால், காணாமற்போனது எங்கே என்பது தெரிந்துவிடும்.

ஏலூரில் ஆலை வேண்டும் என்பவரும் ஆறு வேண்டும் என்பவரும் பல காலமாக எதிரெதிரே நிற்கிறார்கள். இரு தரப்பாரும் ஒரே ஊர்க்காரர்கள்; ஒரே ஆற்றுத் தண்ணீரை நம்பி வாழ்பவர்கள். ஆற்றில் விழும் ஒவ்வொரு கிலோ கழிவும் ஆலை காசு கொடுத்து வாங்கிய சரக்கு. அதை ஆலைக்குள்ளேயே பிடித்து நிறுத்தினால் தொழிலும் பிழைக்கும். கூண்டு மீனும் பிழைக்கும்.