கரையைக் காத்த சிற்றூர்

ஹாலந்து என்று நாம் வழங்கும் நெதர்லாந்து நாட்டின் தென்மேற்கில் சீலந்து என்றொரு மாகாணம் உண்டு. 'கடல் நிலம்' என்பது அப்பெயரின் பொருள். அங்கே, முன்னாளில் தீவாயிருந்து பின்னர் பெருநிலத்தோடு இணைக்கப்பெற்ற வால்கரன் என்னும் பகுதியின் மேற்குக் கோடியில் இருக்கிறது வெஸ்ட்கபெல்லே. மிகச் சிறிய ஊர். ஆயினும் அதன் வரலாறு சிறியதன்று.

1223-ஆம் ஆண்டிலேயே நகர உரிமை பெற்ற பழம்பதி அது. அக்காலத்தில் ஊருக்குக் காவலாய் நின்றவை மணற்குன்றுகள். கடல் அவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்தது. பழைய ஊரையும் விழுங்கியது. மக்கள் உள்ளே தள்ளிக் குடியேறி, குன்றுகள் இருந்த இடத்தில் கடலணை எழுப்பினர். பதினைந்தாம் நூற்றாண்டில் அவர்கள் கட்டிய மாதாகோவிலின் கோபுரம் இன்றும் நிற்கிறது. 1818-இல் அதன் உச்சியில் கலங்கரை விளக்கு ஏற்றப்பட்டது. 1831-இல் கோவில் தீக்கிரையாயிற்று. கோபுரம் மட்டும் எஞ்சியது. ஓவியர் மொந்திரியான் இதனைப் பலமுறை தீட்டியுள்ளார்.

அவ்வூர் ஆடவர்க்கு அணைவேலையே குலத்தொழில் போன்றதாயிருந்தது. குளிர்காலப் புயல் வருமுன் களிமண் சரிவின்மேல் வைக்கோலைப் பரப்பி, அலை அரிக்காதவாறு மண்ணுக்குள் செருகி இறுக்கினர். அணையின் அடியில் மரத்தூண்களை அறைந்தனர். கயிற்றைச் சேர்ந்திழுக்கையில் பாட்டும் இருந்தது. அலை அழித்ததை மறு ஆண்டு மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. இருப்புப்பாதைக் கரையை நாள்தோறும் நடந்து காக்கும் தொழிலாளரை அறிந்த நமக்கு இவ்வுழைப்பின் அருமை விளங்காமற் போகாது.

இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் காத்த அணையை உடைத்தது கடலன்று. 1944 செப்டம்பரில் நேசப் படைகள் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தைக் கைப்பற்றின. ஆனால் கப்பல்கள் அங்குச் செல்ல ஷெல்ட் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்தாக வேண்டும். வால்கரனில் இருந்த ஜெர்மானியப் பீரங்கிகள் அவ்வழியை மறித்திருந்தன. வால்கரனின் உட்பகுதியோ தட்டுப்போலத் தாழ்ந்தது. அணையை உடைத்துக் கடலை உள்ளே விட்டாற் பகைவர் முடங்குவர் என்று கணித்தனர். முதல்நாள் எச்சரிக்கைத் துண்டறிக்கைகள் வானிலிருந்து விழுந்தன. வீடு வாசலை விட்டு எங்கே போவது? பலரும் ஊரிலேயே தங்கினர்.

அக்டோபர் 3-ஆம் நாள் இருநூறுக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு பொழிந்தன. அணை பிளந்தது, கடல் புகுந்தது. ஊர் பாழாயிற்று. 150-க்கு மேற்பட்ட ஊரார் மாண்டனர். காற்றாலை ஒன்றின் அடியிற் புகலடைந்தோர் பலர் அங்கேயே நீரில் மூழ்கினர். விடுதலை அளிக்க வந்தவர் கையாலேயே இவ்வழிவு நேர்ந்தது! நவம்பர் முதல் நாள் பிரிட்டிஷ் வீரர் அவ்வுடைப்பின் அருகே கரையிறங்கினர். ஒரு வாரத்தில் வால்கரன் மீட்கப்பெற்றது. அம்மாத இறுதியில் ஆண்ட்வெர்ப்புக்குக் கப்பல்கள் சென்றன. போரின் கணக்கில் அது வெற்றி. ஊராரின் கணக்கு வேறு.

அதன்பின் ஓராண்டு, நாளுக்கு இருமுறை கடல் உள்ளே வந்து திரும்பியது. உப்பேறி வயல்கள் கெட்டன, மரங்கள் பட்டுப்போயின. பிற ஊர்களில் ஒண்டிக்கிடந்தவர் ஊர் திரும்பும் நாளை எண்ணியிருந்தனர். வால்கரனின் உடைப்புகளை அடைக்க, நார்மண்டிப் படையெடுப்பில் தற்காலிகத் துறைமுகம் அமைக்கச் செய்த மிதவைகளும் காங்கிரீட் பெட்டகங்களும் துணையாயின. 1945 அக்டோபரில் வெஸ்ட்கபெல்லேயின் உடைப்பு மூடப்பட்டது. மக்கள் திரும்பினர், வீடு கட்டினர், மீண்டும் அணையைக் காக்கலாயினர்.

இன்று அணைமேல் போர்க்கால டாங்கி ஒன்று நினைவுச் சின்னமாய் நிற்கிறது. அணைக்கும் போருக்கும் ஓர் அருங்காட்சியகம் உண்டு. உடைப்பின் வழியே கடல் குடைந்த பள்ளம் இன்றும் நீர்நிலையாய்க் கிடக்கிறது.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தவர் நாம். அழிந்த ஊருக்கே திரும்பிச் சென்றவர் அவர். ஊர் என்பது வீடும் நிலமும் மட்டுமன்று. அதைக் காக்க ஆண்டுதோறும் கைகோக்கும் மக்களே ஊர் என்பதை அச்சிற்றூர் நமக்கு உணர்த்துகிறது.