ஒரு கோப்பில் அடங்கும் கணினி

பிழைப்பை முன்னிட்டு ஊர்விட்டு ஊர் மாறும் நமக்குக் குடிபெயர்தல் புதிதன்று. ஆயினும், பழைய கணினி பழுதுற்றுப் புதியதொன்றை வாங்கும்போது நம்மிற் பலர் திகைத்து நிற்கிறோம். தமிழ் எழுத்துருக்களை எங்கிருந்து பெற்றோம், தட்டச்சு முறையை எவ்வாறு அமைத்தோம், அச்சுப்பொறியை எங்ஙனம் இணைத்தோம் என்பன நினைவில் நிற்பதில்லை. செய்தவை எங்கும் எழுதப்படாமல் கைப்பழக்கமாகவே நின்றுவிடுவதே இதற்குக் காரணம்.

இக்குறையை நீக்கும் வழியொன்று லினக்ஸ் உலகில் உண்டு. நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா என்னும் அறிஞர் 2006-ஆம் ஆண்டில் அளித்த ஆய்வேடு விரித்துரைத்த நிக்ஸ் முறையே அது. அம்முறையின்மேல் எழுந்த இயங்குதளம் நிக்ஸ்ஓஎஸ் எனப்படும். இங்கே ‘இதைச் செய், பின்னர் அதைச் செய்’ என்று நாம் அடுக்கிச் சொல்வதில்லை. ‘கணினி இவ்வாறு இருத்தல் வேண்டும்’ என்று ஒரு கோப்பில் அறிவித்துவிடுகிறோம். பயனர் பெயர், நேர மண்டலம், தமிழ் எழுத்துரு, தட்டச்சு முறை, வேண்டிய மென்பொருள்கள் ஆகியன அதில் வரிவரியாக இடம்பெறும். அதற்கேற்பக் கணினியை அமைப்பது இயங்குதளத்தின் பொறுப்பு.

புதிய இயந்திரத்தை நிறுவல் பென் டிரைவிலிருந்து தொடங்கி, அதன் வட்டைப் பகுதிகளாகப் பிரித்து ஆயத்தம் செய்தல் வேண்டும். பின்னர் ‘நிக்ஸ்ஓஎஸ்-ஜெனரேட்-கான்ஃபிக்’ என்னும் கட்டளை, அவ்வியந்திரத்தின் வன்பொருள் விவரங்களைத் தனிக் கோப்பாக எழுதித் தரும். இது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடுமாதலின் பழையதைக் கொண்டுவருதலாகாது. நாம் காத்துவைத்த கோப்பை அதனருகே வைத்து ‘நிக்ஸ்ஓஎஸ்-இன்ஸ்டால்’ என்று கட்டளையிட்டால், வேண்டியவை இணையத்திலிருந்து இறங்கிப் பழகிய அமைப்பு மீண்டும் உருவாகும்.

பின்னாளில் கோப்பைத் திருத்திக் கணினியைப் புதுப்பிக்கும்போது, அவ்வமைப்பு ஒரு புதிய ‘தலைமுறை’யாகப் பதிவாகிறது. அது ஒவ்வாவிடில், கணினி தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் முந்தைய தலைமுறையைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. அக்கோப்பு வீட்டின் வரைபடமேயன்றி, வீட்டிலுள்ள பொருள்களன்று. திருமணப் படங்களும், பெற்றோரின் கடித நகல்களும், பிள்ளைகளின் சான்றிதழ்களும் அதில் அடங்கா. அவற்றைத் தனியே பிரதியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. கடவுச்சொற்களை அக்கோப்பில் வெளிப்படையாக எழுதுதலும் தகாது. நிக்ஸ் கிடங்கில் சேர்வனவற்றை அக்கணினியின் பயனர் எவரும் படித்தல் கூடும்.

நிக்ஸ் மொழியைப் பழகுவதற்குச் சிறிது பொறுமை வேண்டும். கணினி பயிலும் இளைஞர் உள்ள இல்லங்களில் இம்முயற்சியை மேற்கொள்ளலாம். கோப்பின் பிரதியொன்றை வேறிடத்தில் காத்துவைப்போமாயின், எவ்வூருக்கு மாற்றலாகிச் சென்றாலும், புதிய கணினியில் முதல் நாளிலேயே தாய்மொழியில் கடிதம் எழுதத் தொடங்கலாம்.