படையிலிருந்து பயணிகள் விமானத்துக்கு: இலவசப் பயிற்சியின் விலை

“மகனை விமானியாக்க ஆசை. கையில் பணம் இல்லை. விமானப்படையில் சேர்ந்து செலவில்லாமல் பறக்கக் கற்றுக்கொண்டு, பிறகு பெரிய விமான நிறுவனமொன்றுக்குப் போய்விட்டால் என்ன?”

தொழில் வாய்ப்புகள் பற்றி எழுதுபவன் என்பதால் இப்படியான கேள்விகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. நல்ல கேள்விதான். அதிலுள்ள ‘செலவில்லாமல்’ என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. செலவு இருக்கிறது. அது பணமாக அல்லாமல் வயதாகக் கழிக்கப்படுகிறது.

இந்தப் பாதையில் ஆயிரக்கணக்கானோர் நடந்து, விதிகளும் சம்பளங்களும் பகிரங்கமாகத் தெரிய வந்திருக்கும் நாடு அமெரிக்கா. ஆகவே அந்த நாட்டுக் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சி-17 போக்குவரத்து விமானத்துக்கு ஒரு விமானியைத் தயார்படுத்த அமெரிக்க விமானப்படைக்கு சுமார் 11 இலட்சம் டொலர் செலவாகிறது. எப்-22 போர் விமானத்துக்கென்றால் 1 கோடியே 9 இலட்சம் டொலர். எந்தத் தகப்பனாலும் கொடுக்க முடியாத தொகை! இவ்வளவையும் கொட்டிய அரசு ஆளைச் சும்மா விடுமா? பயிற்சி முடிந்த நாளிலிருந்து 10 வருடம் சேவையாற்ற வேண்டும் என்பது விமானப்படையின் நிபந்தனை. பட்டப்படிப்பு முடித்து அதிகாரியாகச் சேரும் ஒருவர், பயிற்சிக் காலத்தையும் கூட்டிப் பார்த்தால், ஏறத்தாழ 34 வயதில்தான் வெளியே வருகிறார்.

வெளியே வருபவரின் கையிலிருக்கும் மூலதனம் பறந்த மணித்தியாலங்கள்தான். 2009 பெப்ரவரி 12ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் பபலோ நகருக்கு அருகே கோல்கன் எயார் விமானம் வீழ்ந்து 50 பேர் உயிரிழந்தனர். இதன் பின்னர் காங்கிரஸ் சட்டமொன்றை நிறைவேற்ற, 2013 ஓகஸ்ட் முதல் துணை விமானியாக இருப்பதற்கும் 1,500 மணித்தியாலங்கள் வேண்டும் என்ற விதி வந்தது. (விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளுமே 1,500க்கு மேல் பறந்தவர்கள் என்பது வேறு விடயம்.) படையில் பயின்றவர்களுக்கு மட்டும் 750 மணித்தியாலங்கள் போதும் எனச் சலுகை வழங்கப்பட்டது. வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்தையும் அவர்கள் ஓர் எழுத்துப் பரீட்சையுடன் பெற்றுக்கொள்ளலாம். பொதுமகன் ஒருவர் பெருந்தொகை கடன் வாங்கி அடையும் இடம் இது.

ஆனாலும் படை விமானிகள் எல்லோரின் பையிலும் ஒரே அளவு சரக்கு இருப்பதில்லை. போக்குவரத்து விமானம் ஓட்டியவர் கடல் கடந்து நெடுநேரம் பறந்திருப்பார். மணித்தியாலங்கள் மளமளவெனச் சேர்ந்திருக்கும். போர் விமானி ஒரு தடவை ஏறினால் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலத்தில் இறங்கிவிடுவார். ஹெலிகொப்டர் ஓட்டியவர் பாடுதான் திண்டாட்டம். இறக்கை விமானத்தில் தேவையான மணித்தியாலங்களை அவர் தனியாகச் சேர்த்தாக வேண்டும்.

இனித்தான் முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். அமெரிக்க விமான நிறுவனங்களில் ஒரு விமானியின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது சிரேஷ்டத்துவப் பட்டியல். வேலைக்குச் சேர்ந்த திகதி எதுவோ, அதுவே பட்டியலில் அவரது இடம். எந்த விமானம், எந்த நகரம், எந்த மாதத்தில் விடுமுறை, பெருநாள் தினத்தில் வீட்டிலா ஆகாயத்திலா, எப்போது கெப்டன் பதவி என எல்லாமே அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான். ஆட்குறைப்பு வந்தால் கடைசியாக வந்தவர் முதலில் வீட்டுக்குப் போவார். படையில் கேர்ணலாக இருந்து நூறு பேருக்குக் கட்டளையிட்டவரும் பட்டியலின் அடியில்தான் சேர்க்கப்படுகிறார். அவருக்குப் பக்கத்து ஆசனத்தில் கெப்டனாக இருப்பவர், 23 வயதில் நுழைந்துவிட்ட ஓர் இளைஞராகக்கூட இருக்கலாம்.

மறுமுனையிலும் ஒரு கதவு இருக்கிறது. ஓய்வு பெறும் வயது 2007 டிசெம்பர் வரை 60 ஆக இருந்தது, பின்னர் 65 ஆக்கப்பட்டது. 23இல் சேர்ந்தவருக்கு 42 வருடம், 34இல் சேர்ந்தவருக்கு 31 வருடம். இடையிலுள்ள 11 வருடங்கள் கழிவது ஆரம்பச் சம்பளத்திலிருந்து அல்ல. கெப்டனாகப் பெரிய விமானம் ஓட்டி அதிகம் உழைக்கக்கூடிய கடைசிக் காலத்திலிருந்துதான் அவை கழிகின்றன. ‘இலவசப் பயிற்சி’யின் விலை இங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

பட்டியலில் மேலே போய்விட்டால் மட்டும் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. 2009 ஜனவரி 15ஆம் திகதி ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கெப்டன் செஸ்லி சல்லன்பேர்கரை அறியாதவர் குறைவு. அவர் விமானப்படையில் பான்டம் போர் விமானம் ஓட்டியவர். 1980இல் வெளியேறி விமான நிறுவனத்தில் சேர்ந்தவர். ஆற்றில் இறங்கிய அடுத்த மாதமே காங்கிரஸ் குழுவின் முன் அவர் சொன்ன சாட்சியம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. தனது சம்பளம் 40 வீதம் வெட்டப்பட்டதாகவும் ஓய்வூதியத் திட்டமே இல்லாமற் போனதாகவும் அவர் கூறினார். வேறு கம்பனிக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். போனால் மீண்டும் பட்டியலின் அடி! ஒரு கம்பனியின் சிரேஷ்டத்துவம் இன்னொரு கம்பனியில் செல்லாக்காசு.

திகதிக்கு இவ்வளவு பெறுமதி என்றால், வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவனின் இழப்பு எவ்வளவாக இருக்கும்? மார்லன் கிரீன் என்ற கறுப்பின விமானி 1957இல் விமானப்படையை விட்டு வந்தார். பல நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தார். கொன்டினென்டல் நிறுவனத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இனம் என்ற இடத்தை வெறுமையாக விட்டு, புகைப்படமும் இணைக்காமல் அனுப்பினார். பரீட்சைக்கு அழைப்பு வந்தது. ஆளை நேரில் கண்டபின் வேலை கிடைக்கவில்லை. அவரைவிடக் குறைந்த அனுபவமுள்ள வெள்ளையர்கள் எடுக்கப்பட்டனர்.

கிரீன் கொலராடோ மாநில ஆணைக்குழுவிடம் போனார். நிராகரிப்புக்கு இனம் ஒன்றே காரணம் என ஆணைக்குழு கண்டறிந்தது. மாநிலங்களுக்கிடையில் பறக்கும் எங்களை ஒரு மாநிலத்தின் சட்டம் கட்டுப்படுத்தாது என்பது நிறுவனத்தின் வாதம். கொலராடோ நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்று, 1963 ஏப்ரல் 22ஆம் திகதி நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து கிரீனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். இருந்தும் அவர் அந்நிறுவனத்தின் விமானியானது 1965இல்தான். இதற்கிடையில், 1964இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் டேவிட் ஹரிஸ் என்பவரை எடுத்தது. அவரும் விமானப்படையில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிய கறுப்பினத்தவரே. கதவைத் தட்டித் திறந்தவர் கிரீன், முதலில் நுழைந்தவர் ஹரிஸ். 28 வயதில் கேட்ட வேலை கிரீனுக்கு 35 வயதில் கிடைத்தது. 1978 வரை அவர் பறந்தார். அவர் மறைந்து ஒரு வருடம் செல்லுமுன், 2010இல், கொன்டினென்டல் தனது போயிங் 737 ஒன்றுக்கு அவரது பெயரைச் சூட்டியது. ஒரு வியாபார நிறுவனம் தனக்கு எதிராக வழக்காடி வென்றவனின் பெயரைத் தன் விமானத்தில் எழுதுவது அபூர்வம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்றைய படை விமானிகள் இந்தத் திகதிக் கணக்கை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். கொவிட் காலத்தில் மூத்த விமானிகள் பலர் முன்கூட்டியே ஓய்வு பெற்றுச் செல்ல, பயணிகள் திரும்பியபோது ஆள் போதவில்லை. 2023 மார்ச்சில் டெல்டா நிறுவனத்து விமானிகள் நான்கு வருடத்தில் 34 வீதம் உயரும் சம்பள ஒப்பந்தத்தைப் பெற்றனர். மற்றப் பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. விமானிகளைத் தக்கவைக்க விமானப்படை வழங்கக்கூடிய ஊக்கத்தொகையின் உச்ச வரம்பும் அதே காலத்தில் வருடத்துக்கு 50,000 டொலராக உயர்த்தப்பட்டது. அதை வாங்கிக்கொண்டு மேலும் சில வருடங்களுக்குக் கையெழுத்திடுபவர் எத்தனை இலக்கங்கள் பின்னுக்குப் போகிறார் என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

இதற்குள் நடுவழியொன்றைக் கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள். நிபந்தனைக் காலம் முடிந்ததும் முழுநேரச் சேவையை விட்டுவிட்டு விமான நிறுவனத்தில் சேர்கிறார்கள். படைத் தொடர்பையும் அறுப்பதில்லை. தேசியக் காவற்படை அல்லது சேமப்படையில் பகுதிநேர விமானியாக இருக்கிறார்கள். படை அழைத்தால் போக வேண்டும். ஆனால் 1994இல் வந்த சட்டமொன்று, அப்படிப் போன காலத்தில், பொதுவாக மொத்தம் ஐந்து வருடங்கள் வரை, அவரது வேலையையும் சிரேஷ்டத்துவத்தையும் பாதுகாக்கிறது. அவர் படையில் இருந்தாலும் பட்டியலில் அவரது இலக்கம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஆட்குறைப்பு வந்தால் படைச் சம்பளம் கைகொடுக்கும். படையில் 20 வருடங்கள் நிறைவடைந்தால் பிற்காலத்தில் ஓய்வூதியமும் உண்டு.