சாந்தோ தொமிங்கோ: மேற்கிந்தியத் தீவுகளின் முதுநகர்

நகரங்களுட் சில தம் செல்வத்தாற் சிறக்கும். சில தம் எழிலாற் சிறக்கும். வேறு சிலவோ, தம்மிடத்தே முதன்முதல் நிகழ்ந்த நிகழ்ச்சிகளாற் சிறக்கும். தொமினிக்கன் குடியரசின் தலைநகராகிய சாந்தோ தொமிங்கோ இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தில் நிறுவி, இடையறாது குடியிருந்து வரும் நகரங்களுள் மிகப் பழையது இதுவே. அக்கண்டத்தின் முதற் பேராலயமும், முதற் கல் மருத்துவமனையும் ஈண்டே எழுந்தன. அந்நகரைக் காணச் செல்வோர் எவ்வழி நடந்து, எவற்றைக் கண்டு, எதனைச் சிந்தித்தல் வேண்டும் என்பதனை ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

முதற்கண் அதன் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். இந்தியாவை நாடி மேற்றிசை நோக்கிக் கலஞ் செலுத்திய கொலம்பஸ், 1492ஆம் ஆண்டு இத்தீவை அடைந்தான். இந்திய நாட்டின் எல்லையை எய்தியதாகவே அவன் கருதினான். ஆகலின், அங்கு வாழ்ந்த தையினோ மக்கள் ‘இந்தியர்’ எனப் பெயர் பெற்றனர். தீவுகளும் ‘மேற்கிந்தியத் தீவுகள்’ ஆயின. 1496ஆம் ஆண்டில் அவன் தம்பி பர்த்தலோமேயு, ஓசாமா ஆற்றின் கீழ்க்கரையில் ஊரொன்று அமைத்தான். 1502ஆம் ஆண்டு கோடையில் கொலம்பஸ் மீண்டும் இத்துறையை அணுகி, பெரும்புயல் வரவிருக்கின்றதென எச்சரித்து, ஒதுங்க இடங் கேட்டான். ஆளுநனாகிய ஓவாந்தோ இடந்தர மறுத்ததுமன்றி, தாய்நாடு செல்லவிருந்த கப்பற்கூட்டத்தையும் கடலிற் செல்ல விடுத்தான். புயல் வந்தது, கலங்கள் பல பொன்னோடும் மாந்தரோடும் மூழ்கின, மரத்தாலாகிய ஊரும் அழிந்தது. ஓவாந்தோ மேல்கரையில் நேர்த்தெருக்கள் வகுத்துக் கல்லாற் புதுநகர் எடுத்தான். இன்று ‘குடியேற்ற நகர்’ என வழங்கும் பழைய பகுதி அதுவே.

இப்பழநகரைக் கால்நடையாகவே காணலாம். வெயில் ஏறுமுன் ஆற்றங்கரையிலுள்ள ஓசாமாக் கோட்டையினின்று புறப்படுதல் நன்று. அதனுள் நிற்கும் சதுரக் கோபுரம் ஏறக்குறைய 60 அடி உயரமுடையது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டப்பெற்றது. அதன் மேல் ஏறி நோக்கின், ஆறு கடலொடு கலக்கும் காட்சி முழுதும் தோன்றும். கோட்டை வாயிலினின்று வடக்கே செல்வது ‘மகளிர் வீதி’. கொலம்பஸின் மகன் தியேகோ ஆளுநனாக வந்த காலை, அவன் மனைவி மரியாவும் அவளுடைய தோழியரும் உலாவிய வீதியாதலின் இப்பெயர் பெற்றது என்பர். இவ்வீதியிலே இயேசு சபையாரின் பழைய கோயிலொன்று நாட்டுப் பெரியோரின் நினைவு மண்டபமாக விளங்குகின்றது. அதற்கு அணித்தே, அரசாங்க அலுவலகங்களும் நீதிமன்றமும் இருந்த அரச மாளிகை பொருட்காட்சிச் சாலையாக உள்ளது. அதன் எதிரே 1753ஆம் ஆண்டு நிறுவிய நிழற்கடிகாரம் ஒன்றுண்டு. அலுவலர் தம் பலகணியினின்றே பொழுதறிந்தனராம்!

வீதியின் முடிவில் அகன்ற வெளியும், அதன் ஓரத்தே தியேகோவின் அரண்மனையும் தோன்றும். பவளப்பாறைக் கல்லால் ஆகிய அவ்விருநிலை மாடம் பாழ்பட்டுக் கிடந்து, 20ஆம் நூற்றாண்டின் இடையிற் செப்பனிடப்பட்டது. அங்கிருந்து மேற்கே திரும்பின், பிரான்சிஸ்கன் மடத்தின் இடிசுவர்களையும், 1503ஆம் ஆண்டு தொடங்கிய புனித நிக்கொலா மருத்துவமனையின் சிதைவுகளையும் காணலாம்.

பின்னர்த் தெற்கே நடந்து பேராலயத்தை அடைவோம். உட்செல்வோர் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தல் வேண்டும். 1540ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற இக்கோயில், வெளியே கோட்டைபோல் உறுதியும் உள்ளே குளிர்ந்த அமைதியும் உடையது. 1586ஆம் ஆண்டு ஆங்கிலேயனாகிய டிரேக் நகரைக் கைப்பற்றி, தெருத்தெருவாக இடித்தும் எரித்தும், 25,000 டுக்காட்டுப் பொன் பெற்ற பின்னரே நீங்கினான். கொலம்பஸின் எலும்புகள் ஈண்டு அடக்கம் பெற்றிருந்தன. 1795ஆம் ஆண்டு இஸ்பானியர் அவற்றை ஹவானாவுக்கும், 1898இல் செவில் நகருக்கும் கொண்டேகினர். ஆயின், 1877ஆம் ஆண்டில் கொலம்பஸின் பெயர் பொறித்த ஈயப்பேழையொன்று இக்கோயிலிலேயே கண்டெடுக்கப்பட்டது. அது 1992இல் ஆற்றின் கீழ்க்கரையில் எழுந்த நினைவுக் கலங்கரை விளக்கத்திற்கு மாற்றப்பட்டது. ஆகவே இரு நாடுகளும் ஒருவனையே தத்தம் மண்ணில் துயில்வதாகப் போற்றுகின்றன.

பேராலயத்தினின்று மேற்கே செல்லும் கொந்தே வீதி கடைகள் மலிந்தது. நடந்து களைத்தோர் மரவள்ளிக் கிழங்கின் மாவாற் சுட்ட ‘கசாபே’ அப்பத்தைச் சுவைத்தல் தகும். தையினோ மக்கள் விட்டுச் சென்ற உணவு அது. வீதியின் இறுதியிலுள்ள கொந்தே வாயிலில், 1844ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் இரவு, நாட்டின் விடுதலை முழங்கிற்று. 1822ஆம் ஆண்டு முதல் இப்பகுதியை ஆண்ட ஹெயிட்டியர் அடிமை முறையை ஒழித்தனர். எனினும் மக்கள் தந்நாட்டைத் தாமே ஆள விரும்பினர். விடுதலைத் தந்தையராகிய துவார்த்தே, சாஞ்செஸ், மெய்யா ஆகிய மூவரின் எலும்புகள் அவ்வாயிலை அடுத்த பூங்காவில் உள்ளன. இவருள் துவார்த்தே அந்நிய நாட்டிலேயே 1876இல் உயிர் நீத்தார் என்பதை நினைந்தால் நெஞ்சு கரையும்.

இறுதியாக நாம் காணவேண்டுவது தொமினிக்கன் துறவியரின் மடம். கல்வியை நாடும் மாணாக்கர்க்கு இவ்விடம் உரியது; 1538ஆம் ஆண்டு திருத்தந்தையின் ஆணையால் இம்மடத்துக் கல்விச்சாலை பல்கலைக்கழகமாயிற்று என்பர். ஆயின், அதனினும் பெரிதொரு சிறப்பு இத்துறவியர்க்கு உண்டு. பேராலயம் எழும்புமுன், 1511ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறன்று, அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்னும் துறவி ஆளுநன் தியேகோவும் செல்வரும் கூடியிருந்த சபையிற் பிரசங்கித்தார். தையினோ மக்களைப் பொன் அகழ வைத்து வருத்திக் கொல்வோர் எந்த நீதியால் அவ்வாறு செய்கின்றனர் எனவும், அவரும் ஆன்மாவுடைய மாந்தரல்லரோ எனவும் வினவினார். அச்சொற்கள் ஒருவரின் ஆவேசமல்ல. மடத்தார் அனைவரும் முன்கூட்டி ஆராய்ந்து கையொப்பமிட்டவை. சீற்றங்கொண்ட தலைவர்கள் அடுத்த ஞாயிறு அவற்றை மறுத்துரைக்குமாறு வற்புறுத்தினர். அவரோ மறுவாரமும் மேடையேறி, முன்னுரைத்ததனையே வலியுறுத்தினார்.

இதன் பயன் யாது? 1512ஆம் ஆண்டு இஸ்பானிய அரசு பூர்கோஸ் சட்டங்களை இயற்றிற்று. அவை கட்டாய உழைப்பை ஒழிக்கவில்லை. தையினோ மக்கள் கொடுமையாலும் நோயாலும் விரைந்து அருகினர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொணரப்பட்டனர். 1521ஆம் ஆண்டு கிறிஸ்மஸை அடுத்துத் தியேகோவின் தோட்டத்திலேயே அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆயினும் விதை வீணாகவில்லை. தாமே இந்தியரை வேலை கொண்டிருந்த லாஸ் காசாஸ் என்னும் குரு, 1514இல் அவர்களை விடுவித்து, பின்னர் இந்நகரிலேயே தொமினிக்கன் சபையிற் சேர்ந்து, வாழ்நாள் முழுதும் அவர்க்காக வழக்காடினார். முன்னர் ஆப்பிரிக்கரைக் கொணரலாம் எனத் தாம் சொன்னதற்காகவும் அவர் பின்பு மனமிரங்கினார். மொந்தெசினோஸின் பிரசங்கம் இன்று நமக்குக் கிடைப்பதும் அவருடைய எழுத்தினாலேயே.

மடத்தினின்று கடற்கரைக்கு இறங்கின், ஆற்று முகத்தருகே அத்துறவியின் மாபெருஞ் சிலை, வாயருகே கைவைத்துக் கடல் நோக்கிக் கூவும் நிலையில் நிற்கின்றது. மெக்சிக்கோ நாட்டு மக்கள் அளித்த அது 1982ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. 1990ஆம் ஆண்டு முதல் இப்பழநகர் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகக் காக்கப்படுகின்றது. கோட்டையும் அரண்மனையும் ஆண்டவரின் ஆற்றலைக் காட்டும். அவற்றின் கற்களை எவர் சுமந்தனர் என்று வினவும் கடமையை அச்சிலை நமக்கு உணர்த்தும். அவ்வினாவோடு நகரைச் சுற்றுவோரே அதனை முழுதுங் கண்டவராவர்.