சுப்பாண்டியைத் தமிழில் பேசவைத்தவர்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் மாலை டீ டைம். ஓவர்லாக் டெய்லர் தம்பி ஒருவர் போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தார். பூட்டிய பங்களா, ஒவ்வொரு அறையாகத் துப்பு தேடிச் சாவி கண்டுபிடிக்க வேண்டும். ஆடிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்ணா, இந்தக் கேமுக்கெல்லாம் கதை யாருங்ணா எழுதறாங்க?"

நல்ல கேள்வி. ஜப்பானில் ஃபுகுவோகா என்றொரு ஊர். அங்கே ரிகா சுசுகி என்ற பெண்மணி எண்பதுகளிலிருந்தே துப்பறியும் கேம்களுக்குக் கதை எழுதியவர். 2007-ல் வந்த 'ஹோட்டல் டஸ்க்' அவர் எழுதியதுதான். நிண்டெண்டோ டிஎஸ் கருவியை விரித்த புத்தகம்போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் பழைய ஓட்டலில் தங்கியிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தே உண்மையைக் கறப்பார். சுடுவதோ குதிப்பதோ அதில் முக்கியமில்லை, எந்தக் கேள்வியை எப்போது கேட்கிறோம் என்பதே விளையாட்டு. அதைச் செய்த 'சிங்' நிறுவனம் 2010-ல் திவாலானது. கேமை ரசித்தவர்களிலேயே பலருக்கு ரிகா சுசுகியின் பெயர் தெரியாது.

இது தம்பிக்குச் சட்டென்று புரிந்தது. அவர் கை வழியாகப் போகும் டீ-ஷர்ட்டின் கழுத்தில் வெளிநாட்டு பிராண்டின் லேபிள்தான் இருக்கும். கட்டிங், பவர் டேபிள், செக்கிங் என்று எத்தனை கை பட்டாலும் லேபிள் ஒன்றுதான்.

தமிழில் இதே கதி நேர்ந்தவர் சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமா. இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. 1925-ல் புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் பிறந்தவர். ஓவியர் மாலி வைத்த பெயர்தான் வாண்டுமாமா. பெரியவர்களுக்கு எழுதும்போது மட்டும் கௌசிகன். ஒரே மனிதர் இரண்டு பெயரில் எழுதியதால், இரண்டையும் சேர்த்து அவர் எவ்வளவு செய்தார் என்று கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அவர் எழுத, ஓவியர் செல்லம் வரைந்த படக்கதை 'மர்ம மாளிகையில் பலே பாலு'. தம்பி போனில் ஆடுகிற அதே பங்களா, அதே மர்மம்! படக்கதை எழுதுவது சிறுகதை எழுதுவது போல அல்ல. பையன் எந்தப் பக்கம் நிற்கிறான், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஒவ்வொரு கட்டத்தையும் ஓவியருக்கு முன்னாலேயே மனத்தில் பார்த்துவிட வேண்டும். வசனத்துக்குக் கிடைப்பதோ பத்துப் பன்னிரண்டு சொல். தொடராக வந்தால், கை தாழ்ப்பாளைத் தொடுகிற கட்டத்தில் 'தொடரும்' போட வேண்டும். அடுத்த இதழ் வருகிறவரை குழந்தை அந்தத் தாழ்ப்பாளையே நினைத்துக்கொண்டிருக்கும்.

'கல்கி'யிலும் 'கோகுல'த்திலும் உழைத்துவிட்டு, 1984-ல் தொடங்கிய 'பூந்தளிர்' இதழுக்கு ஆசிரியரானார். இதழின் பெரும்பகுதி அவர் கையெழுத்தில் பிறந்ததுதான். கபீஷ், காக்கை காளி, வேட்டைக்கார வேம்பு, சுப்பாண்டி என்ற படக்கதைப் பாத்திரங்கள் எல்லாரும் தமிழ்க் குழந்தைகளிடம் வந்தது அதன் வழியாகத்தான். சுப்பாண்டியின் பயணத்தைப் பாருங்கள். நம் பக்கத்து வாய்வழிக் கதைகளில் வரும் ஆள் அவன். திருச்சி பி. வரதராஜன் எழுதி அனுப்ப, 'டிங்கிள்' இதழில் 1983-ல் ஆங்கிலம் பேசினான். பிறகு பூந்தளிரில் ஊர் திரும்பினான். ஆங்கிலத்துக்கு அளவெடுத்து வரைந்த பலூனுக்குள் தமிழ் வசனம் நீண்டு முட்டும். சிரிப்பு கெடாமல் அதைச் சுருக்குவது லேசான வேலையா? சுப்பாண்டி இன்றும் எல்லாருக்கும் நினைவிருக்கிறான். அவனுக்குத் தமிழில் வசனம் அமைத்துத் தந்த பத்திரிகைக்காரரை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏன் இப்படி ஆனது? என் அபிப்பிராயத்தில் முதல் காரணம், குழந்தை வாசகர் தங்குவதில்லை. எட்டு வயதில் விழுந்து விழுந்து படித்தவர் பதினைந்தில் வேறு புத்தகத்துக்குப் போய்விடுவார். விமர்சனம் எழுதும் வயது வரும்போது பலே பாலுவைப் பற்றி எழுத வெட்கப்படுவார். குழந்தைகள் படித்த பிரதியும் மிஞ்சாது, கிழிந்து பழைய பேப்பரோடு போய்விடும். இலக்கிய வரலாற்று நூல்களிலோ சிறுவர் இலக்கியம் கடைசியில் ஒரு பத்தி.

விருதும் தாமதம். சாகித்ய அகாதமி குழந்தை இலக்கியத்துக்கென்று தனி விருது கொடுக்க ஆரம்பித்ததே 2010-ல். அப்போது வாண்டுமாமாவுக்கு 85 வயது. 2014 ஜூனில் காலமாகும்வரை அந்த விருது அவருக்கு வரவில்லை. நூற்றுக்கு மேல் புத்தகம் எழுதி, இரண்டு மூன்று தலைமுறைக்குப் படிக்கும் ருசியை ஊட்டியவருக்கு இது பெரிய அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. தன் வாழ்க்கையை அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பு 'எதிர்நீச்சல்'.

தம்பியின் மகள் ஐந்தாம் வகுப்பு. "புத்தகத் திருவிழாவுல என்னன்னு கேக்கோணும்ங்ணா?" என்றார். மறுபதிப்பாக வந்த பலே பாலு கதைகளைக் கேளுங்கள், 'ஓநாய்க்கோட்டை' கிடைத்தால் அதையும் வாங்குங்கள் என்றேன். போனை ஓரமாக வைத்துவிட்டு, பேனா வாங்கி உள்ளங்கையில் இரண்டையும் எழுதிக்கொண்டார். மேலே வாண்டுமாமா என்றும் எழுதினார்.