பழைய ஆர்கேட் பெட்டிக்குப் புது உயிர்

கேம் விளையாட இன்று ஒரு கம்ப்யூட்டரோ மொபைலோ போதும். 1980களிலும் 1990களிலும் வீடியோ கேம் கடைக்குப் போய், ஆளுயர மரப்பெட்டியின் முன் நின்று, காசு கொடுத்து விளையாட வேண்டும். இந்தப் பெட்டிக்கு ஆர்கேட் கேபினட் என்று பெயர். அப்படி ஒன்றை ஓசூரில் பழைய சாமான் கடையில் வாங்கி, வீட்டில் வைத்துச் சரி செய்தேன். இதனுள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான் என்பதால், இந்த அனுபவம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் பயன்படும்.

உள்ளே என்ன இருக்கிறது?

பவர் சப்ளை, கேம் போர்டு, மானிட்டர், ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் என நான்கு பகுதிகள். கேம் போர்டு என்பது மதர்போர்டு போன்றது. ஹார்டு டிஸ்க் கிடையாது; கேம் முழுவதும் ரோம் சிப்களில் பதிந்திருக்கும். என் பெட்டியில் இருந்தது கேப்காம் நிறுவனம் 1991ல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. இதன் பிராசசர் 68000. வேகம் வெறும் 10 மெகாஹெர்ட்ஸ்!

போர்டை மற்ற பகுதிகளுடன் இணைப்பது ஜம்மா எனப்படும் 56 முனை கனெக்டர். 1985ல் ஜப்பானில் உருவான தர அமைப்பு இது. இதனால் ஒரே பெட்டியில் போர்டை மட்டும் மாற்றி வேறு கேம் விளையாடலாம்.

கழற்றி எறியலாமா?

"உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டரையும் எல்.சி.டி. மானிட்டரையும் வைத்துவிடுங்கள்" என்றே பலரும் சொன்னார்கள். இது சுலபம்தான். 1997ல் நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட மேம் என்ற சாப்ட்வேர், பழைய போர்டுகள் செய்யும் வேலையைக் கம்ப்யூட்டரில் அப்படியே செய்து காட்டும். ஆனால் பழைய பிக்சர் டியூப் மானிட்டர் நொடிக்குச் சுமார் 15,700 வரிகளை வரைவது; கம்ப்யூட்டரின் வி.ஜி.ஏ. தருவதோ சுமார் 31,500 வரிகள். இரண்டும் நேரடியாகச் சேராது. எனவே இப்படி மாற்றுபவர்கள் முதலில் தூக்கிப் போடுவது டியூபைத்தான். போனால் அதே போன்ற புதிய டியூப் கடையில் கிடைக்காது. அதனால் பழையதையே காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

முதலில் பவர் சப்ளை. கேம் தானாகவே மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆனது. போர்டு போய்விட்டது என்றுதான் தோன்றும். மல்டிமீட்டரில் பார்த்தால், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4.6 வோல்ட்தான் இருந்தது. சப்ளையில் உள்ள சிறிய திருகைத் திருப்பி 5 வோல்ட்டுக்குக் கொண்டு வந்ததும் ரீஸ்டார்ட் நின்றது.

அடுத்து பட்டன்கள். ஆறில் மூன்று வேலை செய்யவில்லை. ஜம்மாவில் ஒருவருக்கு மூன்று பட்டன்களுக்கே வழக்கமாக இடம் உண்டு. இந்தக் கேமில் உதைக்கும் மூன்று பட்டன்களுக்குத் தனி கனெக்டர் இருக்கிறது. அது கழன்று கிடந்தது, செருகினேன், முடிந்தது. தேய்ந்துபோன மைக்ரோ சுவிட்சுகளுக்குப் பதில் புதியவற்றைச் சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் வாங்கினேன்.

மூன்றாவது மானிட்டர். படம் சுருங்கி நெளிந்தது. கபாசிட்டர்கள் காய்ந்து போனதே காரணம். இதில் மட்டும் நான் கை வைக்கவில்லை. டியூபில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் இருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். உயிருக்கே ஆபத்து. பழைய டிவிகளில் பழகிய மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் கபாசிட்டர்களை மாற்றியதும் படம் நேராக நின்றது.

ஓசூரில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. சிப்காட் தொழிற்சாலைகளை நம்பிச் சிறு பட்டறைகள் நிறைய இருக்கின்றன. துருப்பிடித்த காசுப் பெட்டிக் கதவுக்கு அங்கேயே பவுடர் கோட்டிங் செய்து வாங்கினேன்.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதே முறைதான். தானாக ரீஸ்டார்ட் ஆனால், மதர்போர்டை மாற்றும் முன் பவர் சப்ளையைச் சோதிக்கச் சொல்லுங்கள். எதையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்பதை அது சொல்லும்.